நூற்றைம்பது என்று காட்டிய திரை

குன்னூரில் ஒரு விடுதியில் உள்ளரங்கு கோல்ஃப் இயந்திரம் வாங்கப்போகிறார்களாம். அதைப் பராமரிக்கப்போகிற எலெக்ட்ரீஷியன் என்னைப் போனில் கூப்பிட்டார். யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். "ஏனுங்கண்ணா, ஊட்டியில அந்த மெஷினை நீங்கதான் பாத்துட்டு இருந்தீங்களாமா. அது காட்டறதை நம்பலாங்களா?" என்று கேட்டார். "நம்பலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. விற்க வருகிறவனும் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லப்போகிறான். அதைச் சொல்ல நான் எதற்கு? முழுப் பதிலையும் எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

என் உத்தியோகக் கதை பெரிதாக ஒன்றுமில்லை. கோயமுத்தூர்ப் பக்கமிருந்து மலையேறி வந்த குடும்பம். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படிப்பு. பிறகு ஒரு தேயிலை ஃபேக்டரியில் டிரையரின் சூட்டையும் விசிறி மோட்டார்களையும் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஃபேக்டரியை மூடினார்கள். ஊட்டியில் ஒரு பெரிய ஓட்டலில் மெயின்டனன்ஸில் சேர்ந்தேன். கீசர், ஹீட்டர், ஜெனரேட்டர் என்று வருடங்கள் ஓடின. கீசர் ரிப்பேரைப் பற்றிப் படிக்க யாருக்கு ஆசை இருக்கும்? அதை விட்டுவிடலாம்.

கோல்ஃப் இயந்திரம் அந்த ஓட்டலுக்கு வந்ததற்கு மழைதான் காரணம். ஜூன் பிறந்தால் எங்கள் ஊரில் வானம் ஓட்டை. கோல்ஃப் ஆடவென்று ஆசையாக வந்த விருந்தாளிகள் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்ப்பார்கள். மழையைத் திட்ட முடியாததால் சமையல்காரரைத் திட்டுவார்கள். முதலாளி பார்த்தார். பழைய பில்லியர்ட்ஸ் அறையைக் காலி செய்து இயந்திரத்தை மாட்டச் சொல்லிவிட்டார்.

அது என்னவென்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஓர் அறை. ஒரு பக்கச் சுவர் முழுக்கத் தடித்த துணித் திரை. அதில் புல்வெளியும் கொடியும் படமாக விழும். நீங்கள் நிஜ மட்டையால் நிஜப் பந்தைத் திரையைப் பார்த்து அடிக்க வேண்டும். மட்டையை விட்டுப் பந்து கிளம்பும் அந்தக் கணத்தை ஒரு கேமரா பிடித்துக்கொள்ளும். எவ்வளவு வேகம், எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்று பார்த்து, வெளியே அடித்திருந்தால் எங்கே போய் விழுந்திருக்கும் என்று திரையில் காட்டும். பந்து உண்மையில் பறப்பது பத்தடிதான். மிச்சமெல்லாம் கணக்கு. கேமரா சரியாகப் பார்த்தால் கணக்கும் சரி. கேமராவின் கண்ணாடியில் ஈரம் படிந்தால், கரண்ட் ஏறி இறங்கி வந்தால், கணக்கு சறுக்கும். ஊட்டியில் ஈரத்துக்கா பஞ்சம்?

எங்கள் மெயின்டனன்ஸுக்குத் தலைவர் ஜெயசீலன் சார். தேயிலை ஃபேக்டரிகளில் மீட்டர், தராசு எல்லாம் பார்த்துப் பழகியவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நிற்கிற அதே நிற்பில்தான் ஜெனரேட்டர் அறையிலும் நிற்பார். குரலை உயர்த்த மாட்டார். வேலை செய்யும்போது திரும்பிப் பார்க்காமல் இரண்டு விரலை மட்டும் பின்னால் நீட்டுவார். என்ன கருவி வேண்டும் என்று நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். தப்பானதைக் கொடுத்தால் திட்ட மாட்டார், விரலை மடக்காமல் அப்படியே நிற்பார். திட்டியிருந்தால் தேவலை. எந்த மீட்டரைப் படித்தாலும் எண்ணை வாய்விட்டு இரண்டு முறை சொல்வார். "ரெண்டாந்தடவ சொல்லும்போதுதான் காதுல விழும்" என்பார்.

மூன்றாவது ஆள் போஜராஜ். இந்தக் கதையே அவருடையதுதான். ஓட்டலின் கோல்ஃப் பயிற்சியாளர். மலையிலேயே பிறந்து வளர்ந்த படகர் இனத்தவர், கோத்தகிரிப் பக்கம் ஊர். சின்ன வயதில் மைதானத்தில் மட்டைப் பை தூக்கப் போனவர், பை தூக்கிக்கொண்டே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். விருந்தாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மட்டையை ஒற்றைக் கையில் பிடித்து ஒரு அடி அடித்துக் காட்டுவார். அதைப் பார்க்கவே கூட்டம் கூடும். என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை மணியண்ணா என்று கூப்பிடுவார். என் ஸ்வெட்டரைக் கிண்டல் பண்ணாமல் ஒரு நாளும் டீ குடித்ததில்லை.

இயந்திரத்தை மாட்டிய அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். பெங்களூரிலிருந்து வந்த கம்பெனி ஆள் எல்லாம் பொருத்தி முடித்துவிட்டு, "யாராவது நல்லா ஆடறவங்க அடிச்சுக் காட்டுங்க" என்றார். போஜராஜ் ஏழாம் நம்பர் மட்டையை எடுத்து அடித்தார். திரை நூற்று நாற்பது கஜம் என்றது.

"இது தப்புங்க" என்றார் போஜராஜ்.

கம்பெனி ஆள் சிரித்தார். மெஷின் தப்பாகக் காட்டாது, உங்கள் அடிதான் குறைந்திருக்கும் என்றார்.

"இல்லீங்க. ஏழாம் நம்பர் எனக்கு இங்க நூத்தியம்பது போகும். கூடவும் போகாது, குறையவும் குறையாது. எத்தனை தடவ வேணா அடிக்கறேன், பாத்துக்கங்க."

அடித்தார். மறுபடி மறுபடி அதே நூற்று நாற்பது. ஜெயசீலன் சார் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திறந்தார். ஓரிடத்தில் நின்றார். ஊர் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒரு கட்டம். அதில் பூஜ்யம் இருந்தது. கம்பெனி ஆள் அதை நிரப்ப மறந்திருக்கிறார். மலை மேல் காற்று லேசு, பந்து கூடுதலாகப் போகும். ஊட்டியின் உயரத்தைப் போட்டதும் போஜராஜ் ஒரு அடி அடித்தார். நூற்றைம்பது.

அன்றைக்கு நாங்கள் போஜராஜைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினோம். அத்தனை விலை கொடுத்து வாங்கிய இயந்திரத்தையே தப்பு என்று சொல்லி நிரூபித்துவிட்டார் அல்லவா? ஜெயசீலன் சார்கூட அவர் தோளைத் தட்டினார். சார் யார் தோளையும் தட்டி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எல்லாக் கோளாறும் அந்தத் தட்டலில்தான் ஆரம்பம் என்று இப்போது தோன்றுகிறது.

ஏனென்றால், இயந்திரத்தைச் சரிபார்க்க கம்பெனிக்காரர்கள் ஓர் அளவுப் பலகை கொடுத்திருந்தார்கள். கேமராவுக்கு முன் வைத்து, கோடுகள் நேராகத் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். முதல் மழைக்காலத்திலேயே அந்தப் பலகை ஈரத்தில் உப்பி, பப்படம் மாதிரி வளைந்து, மேலே பூஞ்சை பிடித்துப் போயிற்று. கம்பெனியில் புதியது கேட்டால் வருவேனா என்றது. ஜெயசீலன் சார் யோசித்துவிட்டு, "பலகை எதுக்கு? போஜராஜ் இருக்காரே" என்றார்.

அப்படித்தான் எங்கள் வழக்கம் பிறந்தது. காலையில் நான் போய் அறையின் ஹீட்டரைப் போட்டு ஈரத்தை விரட்டுவேன். ஸ்டெபிலைசரைப் பார்த்துவிட்டு புரொஜெக்டரைப் போடுவேன். கேமராக் கண்ணாடியை ஃபிளானல் துணியால் துடைப்பேன். சார் வருவார். இரண்டு விரல் பின்னால் நீளும், டார்ச்சைக் கொடுப்பேன். கண்ணாடியில் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார். பிறகு போஜராஜ் ஏழாம் நம்பரால் அடிப்பார். திரையில் வரும் எண்ணைச் சார் இரண்டு முறை சொல்வார். நூற்றைம்பது என்றால், "ஆச்சு." குறைந்தால், "பனி" என்று சொல்லிவிட்டு ஆள்காட்டி விரலை மேலே தூக்குவார். நான் கம்ப்யூட்டரில் தூரத் திருத்தம் என்ற கட்டத்தில் ஒன்று ஏற்றுவேன். போஜராஜ் மறுபடி அடிப்பார். நூற்றைம்பது வரும்வரை இது நடக்கும். பந்து இடப்பக்கம் ஒதுங்கினால் அதற்கும் ஒரு கட்டம் இருந்தது, அதிலும் ஒன்று ஏற்றுவேன். பிறகு மூவரும் டீ குடிக்கப் போவோம்.

இதைப் படித்துவிட்டு, என்ன மடத்தனம் என்று கேட்காதீர்கள். அது நன்றாகத்தான் வேலை செய்தது. மழைக்காலத்தில் கண்ணாடியில் எவ்வளவு துடைத்தாலும் ஒரு மெல்லிய படலம் நிற்கும், எண் குறையும், இரண்டு மூன்று ஏற்றுவோம். ஜனவரியில் உறைபனி விழுந்து வெயில் பளிச்சென்று அடிக்கும்போது படலம் போய்விடும், எண் கூடும், ஏற்றியதை இறக்கிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவோம். வருடா வருடம் இப்படித்தான். கம்பெனியிலிருந்து சர்வீஸுக்கு வந்தவர்களே, "உங்க மெஷின் மாதிரி எங்கயும் இல்லீங்க" என்றார்கள். சார் அதைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான்.

பிறகு ஒரு வருடம், ஜனவரி வந்தும் திருத்தம் இறங்கவில்லை.

உறைபனி புல்லில் உப்பு மாதிரி கிடந்தது. அறை காய்ந்து கிடந்தது. ஆனாலும் காலையில் போஜராஜ் அடித்தால் எண் குறைந்தது. சார் விரலைத் தூக்கினார். நான் ஏற்றினேன். சில நாள் கழித்து மறுபடி. பந்து இடப்பக்கம் ஒதுங்குவதும் கூடியது. "கேமரா வயசாயிட்டு வருது போல" என்றார் சார். எனக்கும் அப்படித்தான் பட்டது. இத்தனை மழைக்காலம் பார்த்த கேமரா, தேயாமல் இருக்குமா?

வேறு சிலவும் நடந்தன. டீ டம்ளரை போஜராஜ் இரண்டு கையாலும் பிடிக்க ஆரம்பித்தார். ஸ்வெட்டருக்கு மேல் போடும் ஓட்டல் கோட்டின் பட்டன்களைப் போடாமலே திரிந்தார். ஒற்றைக் கை அடி நின்றுபோனது. ஒரு நாள் பந்தை எடுத்து வைக்கும்போது விரலிலிருந்து நழுவி உருண்டது. "என்னய்யா, வெண்ணெயா தடவியிருக்கு?" என்று கேட்டேன். "மரத்துப்போச்சுங்கண்ணா, குளுரு" என்றார். அதற்குமேல் நான் என்ன கேட்பது? ஊட்டியில் ஜனவரிக் காலையில் யார் கைதான் மரத்துப்போகவில்லை? எனக்கே ஸ்க்ரூ நழுவும். கீழே சமவெளியில் ஒருவன் கை மரத்துப்போகிறது என்றால் டாக்டரிடம் போ என்பார்கள். இங்கே அடுப்போரம் போய்க் குளிர்காய் என்போம்.

அந்தக் கோடைச் சீசனில் ஓட்டலே சாம்பியன்களால் நிரம்பி வழிந்தது. வந்தவர்கள் எல்லோரும் தூள் கிளப்பினார்கள். தொந்தியைச் சுமந்துகொண்டு வந்த ஒரு மில் முதலாளி, தன் வாழ்நாளிலேயே அடிக்காத அடி அடித்துவிட்டதாகத் திரையைப் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். வெளி மைதானத்தில் போய் ஆடினால் அவர்களுக்கு அந்தத் தூரம் வரவில்லை. எதிர்க்காற்று என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். தன்னைப் புகழ்கிற இயந்திரத்தின்மேல் யார் புகார் கொடுப்பார்கள்? மேனேஜருக்கும் பரம திருப்தி.

ஒரே ஒருத்தி புகார் கொடுத்தாள். போட்டிகளில் ஆடுகிற பெண், பெங்களூரிலிருந்து வந்தவள். பயிற்சிக்காக இயந்திரத்தில் அடித்தாள். நாலைந்து பந்துக்குப் பிறகு மட்டையைச் சாய்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அங்கிள், இது பொய் சொல்லுது."

"ஏம்மா, நல்ல தூரந்தானே காட்டுது?"

"அதான் சொல்றேன். இவ்ளோ தூரம் என்னால அடிக்க முடியாது. நேரா அடிச்சாலும் வலப்பக்கம் வேற போகுது."

பையிலிருந்து சோப்புக்கட்டி அளவில் ஒரு கருவியை எடுத்துத் தரையில் வைத்தாள். அதுவும் பந்தை அளக்கிற கருவிதான். ஒரு அடி அடித்தாள். எங்கள் திரை ஒன்று சொன்னது, அவள் கருவி ஒன்று சொன்னது. இரண்டுக்கும் நடுவே ஒரு வாலிபால் கிரவுண்டையே போடலாம். அவள் கோபப்படக்கூட இல்லை. "யாரையாவது கூப்பிட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சார் அன்று மதியமே அறையை மூடச் சொன்னார். அவர் ஒரு கோளாறைத் தேடும் விதமே தனி. சந்தேகப்படக்கூடிய ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து, அது குற்றவாளி இல்லை என்று தீர்ந்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவார். முதலில் கண்ணாடி. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தார். "சுத்தம். சுத்தம்" என்றார். ஸ்டெபிலைசரில் மீட்டரை வைத்தார். ஊசி ஆடவில்லை. பந்துகளை ஒவ்வொன்றாகக் கையில் உருட்டிப் பார்த்து, பழையதை ஒதுக்கிவிட்டுப் புதிய பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். அடிக்கும் பாயை எடுத்துவிட்டுத் தரை சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்தார். கேமரா சாய்ந்திருக்கிறதா என்று கூரையிலிருந்து தூக்குக்குண்டு விட்டார். குண்டு ஆடி அடங்கும்வரை மூச்சே விடாமல் நின்றார். விளக்குகளை அணைத்துப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். எதிலும் ஒரு குற்றமும் இல்லை. ஒரு கோளாறும் கிடைக்காததில் சாருக்கு முகம் வெளுத்தது.

கடைசியில் கம்ப்யூட்டரில் திருத்தப் பக்கத்தைத் திறந்தார். நான் தினமும் பார்க்கிற பக்கம்தான். ஆனால் ஒன்று ஒன்றாக ஏற்றுகிறவனுக்கு மொத்தம் கண்ணில் படாது. சார் அந்த எண்ணை வாய்விட்டுச் சொன்னார். இரண்டாவது முறை சொல்ல வாயெடுத்தவர், நிறுத்திக்கொண்டார்.

"இவ்வளவு எப்ப ஏத்துனோம், மணி?"

"நீங்க சொல்லச் சொல்ல ஏத்துனதுதானுங்க சார்."

தூரத்தையும் திசையையும் பூஜ்யத்தில் வைத்தார். "போஜராஜைக் கூப்பிடு" என்றார்.

போஜராஜ் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே வந்தார். என்ன சார், மதியத்திலேயே பனியா என்று கேட்டார். சார் பந்தைக் காட்டினார். போஜராஜ் ஏழாம் நம்பரை எடுத்து அடித்தார். பந்து திரையில் இடப்பக்கம் வளைந்து போய், வழக்கத்துக்கு வெகு முன்னாலேயே இறங்கியது. எண்ணைப் படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது. மில் முதலாளி நன்றாக அடித்தால் வருகிற எண் அது.

"இன்னொண்ணு" என்றார் சார்.

அதுவும் அப்படியே. போஜராஜ் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "சார், திருத்தத்தைப் போடலீங்களா?" என்று கேட்டார்.

"இன்னொண்ணு."

மூன்றாவது அடியில் மட்டை கையை விட்டுக் கழன்றது. பறக்கக்கூட இல்லை. சுழன்று அவர் காலடியிலேயே விழுந்தது. போஜராஜ் குனிந்து வலது கையால் எடுக்கப் பார்த்தார். விரல்கள் மூடவில்லை. இடது கையால் எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். திரையில் பச்சைப் புல்வெளி அடுத்த பந்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"கை எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று சார் கேட்டார்.

"குளுருக்கு மரத்துப்போவுதுங்க சார். அவ்வளவுதானுங்க."

"இது மே மாசம், போஜராஜ்."

அப்போது ஜெயசீலன் சார் ஒன்று சொன்னார். அதை அவர் சொல்லியிருக்க வேண்டாம். "இத்தனை நாளும் மெஷினைத் திருத்தச் சொல்லி உன் கையை மறைச்சிருக்கே. என்னை முட்டாளாக்கிட்டே" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் போஜராஜ் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். எனக்கும் அவர்மேல் கோபம்தான். கூடவே உட்கார்ந்து டீ குடித்த ஆள், வேலை போய்விடும் என்று பயந்து எங்களை வைத்தே நாடகம் ஆடியிருக்கிறானே என்று வயிறெரிந்தது. எரிந்த வயிற்றோடுதான் அவரைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சார் வரவில்லை.

ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். கழுத்தில் எலும்பு வளர்ந்து, முதுகுத்தண்டு நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் கை விட்டுப்போகிறது, கால்கூடப் பிசகுகிறது என்று விளக்கினார் டாக்டர். "எப்பருந்து இருக்கு?" என்று கேட்டார்.

"ரெண்டு மூணு மாசமா இருக்குங்க" என்றார் போஜராஜ்.

"இல்லீங்க டாக்டர்" என்றேன் நான். "போன மழைக்காலத்துலருந்து இருக்கு."

டாக்டர் என்னைப் பார்த்தார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். ஏற்றிய திருத்தத்தை நினைத்து நினைத்துச் சொன்னேன். மழையில் எவ்வளவு, தீபாவளியில் எவ்வளவு, பொங்கலுக்கு எவ்வளவு, அது ஏன் இறங்கவில்லை. அவர் கை எவ்வளவு வேகமாகப் போயிற்று என்பது என் வாயிலிருந்து மாதம் மாதமாக வந்தது. டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அப்பவே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். இனி ஆபரேஷன் பண்ணினா மேற்கொண்டு கெடாம நிறுத்தலாம். போனது திரும்புமான்னு சொல்ல முடியாது" என்றார்.

போஜராஜின் மனைவி பார்வதி கூடவே நின்றிருந்தாள். வெளியே வராந்தாவுக்கு வந்ததும் என்னிடம் கேட்டாள். "ஏனுங்கண்ணா, குறைஞ்சப்ப எல்லாம் மெஷினுக்குத்தான் வைத்தியம் பாத்தீங்களா?"

எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. அவர்தான் மறைத்தார் அம்மா என்று சொல்லத் துடித்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் சொல்ல மனம் வரவில்லை. விழுங்கிக்கொண்டேன்.

ஆபரேஷன் நடந்தது. டாக்டர் சொன்னபடிதான் ஆயிற்று. கெடுவது நின்றது, போனது திரும்பவில்லை. வலது கை தொங்கிக்கொண்டே இருக்கும். இடது கையில் பாதிப் பிடிப்பு. நடக்க ஒரு தடி. ஓட்டலில் வேறு பயிற்சியாளர் வந்தார். கம்பெனியிலிருந்து புதிய அளவுப் பலகையும் வந்தது. அதை நான் பாலிதீன் உறையில் சுற்றி பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டேன். திருத்தக் கட்டங்கள் இரண்டும் பூஜ்யத்திலேயே கிடந்தன. ஜெயசீலன் சார் அதன்பிறகு அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. கொஞ்ச காலத்தில் வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். போகிற அன்று என்னிடம், "எல்லாத்தையும் பார்த்தோமே மணி" என்று மட்டும் சொன்னார். இரண்டாவது முறை சொல்லவில்லை.

நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். அத்தனை வருடமும் போஜராஜைப் பார்க்கப் போகவில்லை. கோபம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குன்னூர்க்காரரின் போன் வந்த பிறகுதான், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் அந்த மனுஷனிடம் ஒன்று கேட்டாக வேண்டும் என்று தோன்றியது. போன வாரம் பஸ் பிடித்துப் போனேன்.

வீட்டு முன்னால் தேயிலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், "இன்னும் அதே ஸ்வெட்டர்தானுங்களா?" என்றார். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசினோம். பிறகு கேட்டே விட்டேன்.

"ஏய்யா எங்ககிட்ட மறைச்சே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே கூட்டிட்டுப் போயிருப்பேனே. வேலையா பெருசு?"

போஜராஜ் என்னை வியப்பாகப் பார்த்தார்.

"நான் எங்கீங்கண்ணா மறைச்சேன்? எனக்கே தெரியாதுங்களே."

"கை வரலைன்னு உனக்குத் தெரியாதா?"

"காலையில எந்திரிச்சா கை என்னுதே இல்லாத மாதிரி இருக்குங்க. பயமாத்தான் இருக்கும். அந்தப் பயத்தோடவே அங்க வந்து அடிப்பேன். முதல் பந்து குறையும். சார் பனின்னு சொல்லுவாரு. அவரு சொன்னா தப்பா இருக்குங்களா? நீங்க என்னமோ தட்டுவீங்க. அடுத்த பந்து நூத்தியம்பது. அதைப் பாத்ததும் போன உசுரு திரும்பி வரும். கைக்கு ஒண்ணுமில்ல, மனசுதான் பயப்படுதுன்னு நெனச்சுக்குவேன். வெளிய மைதானத்துல குறைஞ்சா எதிர்க்காத்துன்னு விட்டுருவேன்." தடியை மாற்றிச் சாய்த்து வைத்தார். "பார்வதி அப்பவே டாக்டர்கிட்ட போலாம், போலாம்னு உசுரை வாங்குனா. மெஷின்லயே நூத்தியம்பது காட்டுது, கைக்கு என்ன கேடுன்னு நான்தான் அவ வாயை அடைச்சேன்."

நாங்கள் அவரை நம்பி இயந்திரத்தைத் திருத்திக்கொண்டிருந்தோம். அவர் அந்த இயந்திரத்தை நம்பித் தன் கையை விட்டுவிட்டார். எதைப் பார்த்து அவருக்கு உயிர் வந்ததோ அந்த நூற்றைம்பதைப் போட்டது என் விரல்.

பார்வதி உள்ளேயிருந்து டீ கொண்டுவந்தாள். என் டம்ளரை என்னிடம் கொடுத்தாள். அவர் டம்ளரைத் தானே பிடித்துக்கொண்டு, ஊதி ஆற்றி, அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இப்ப அந்த மெஷின் எப்படிங்கண்ணா? சரியாக் காட்டுதுங்களா?"

"காட்டுது" என்றேன்.